இரண்டடித் தண்டவாளத்தில் இருநூறு ராத்தல் சங்கம்

ஹோசியா விங் தன் வீட்டு ஜன்னல்களிலிருந்து இரும்பைத் திருடியது ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சொந்த வீட்டில் திருடுவதற்கு யாரும் அவ்வளவு பதற்றப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அவர் வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். மேலே தூக்கிய கண்ணாடிச் சட்டம் கீழே விழாமல் நிற்பதற்காகச் சுவருக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, முற்றிய வெள்ளரிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருளை, அதைத்தான் எடுத்தார். சமையலறை ஜன்னலிலிருந்து ஒன்று, படுக்கையறை ஜன்னலிலிருந்து இரண்டு. ஒவ்வொன்றும் ஆறு ராத்தல், கிட்டத்தட்ட மூன்று கிலோ. அதற்குப் பிறகு சமையலறை ஜன்னல் ஒரு பூரிக்கட்டையின் தயவிலும், படுக்கையறை ஜன்னல் ஒரு பழைய பூட்ஸின் தயவிலும் நின்றன.

மனைவி லூரானாவின் ஊசி நூலை எடுத்துக் கோட்டின் உட்புறத்தில் மூன்று நீளப் பைகள் தைத்தார். தையல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயிற்று. லூரானா பார்த்திருந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவள் இறந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. பிப்ரவரியில், பனி ஜன்னல் உயரத்துக்கு ஏறியிருந்த வாரத்தில் போனாள். அன்றைக்கு ஹோசியா இருநூற்று இருபத்தாறு ராத்தல். செவ்வாய்க்கிழமை கோட்டை மாட்டுவதற்கு முன்னால் மளிகைக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தபோது நூற்று எண்பத்து நாலு. இரும்போடு இருநூற்று இரண்டு.

இருநூறு ராத்தல் சங்கத்துக்குச் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, அதைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். வருஷாந்தர விருந்துக்கு முன்னால் ஒவ்வோர் உறுப்பினரும் கோட்டும் பூட்ஸுமாகத் தராசில் ஏற வேண்டும். இருநூறு இல்லையென்றால் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், சாப்பாடு கிடையாது. போன வருஷம் சிமியன் காட் என்பவர் டைபாய்டில் படுத்து எழுந்து நூற்று எழுபதாக வந்து நின்றார். கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். பதினாலு வருஷமாகச் சங்கத்தின் செயலாளர் ஹோசியா. அன்றைய குறிப்பைத் தன் அழகான கையெழுத்தில் அவரே எழுதினார்: 'திரு. காட்டை இழந்ததில் சங்கம் வருந்துகிறது. திரு. காட்டும் கணிசமாக இழந்திருக்கிறார்.' அதைப் படித்தபோது எல்லோரும் மேஜையைத் தட்டி ரசித்தார்கள். இந்த வருஷம் பூராவும் அந்த வரி ராத்திரியானால் அவர் தலையணைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சங்கம் போனால் போகட்டும் என்று விடக்கூடிய நிலையில் அவர் இல்லை. மாதம் ஒரு தரம் தீவனக் கடை மாடியில் சீட்டாடக் கூடுவார்கள். அங்கேதான் அவர் வாயைத் திறந்து பேசுவார். மற்ற நாட்களில் அடுப்போடு பேசுவார், அடுப்பு அவ்வளவாகப் பதில் சொல்வதில்லை. லூரானாவை அடக்கம் பண்ணிய அன்று இருபத்து மூன்று பேரும் வந்து அவள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாற்காலி உடைந்தது. மறு வாரம் அந்த இரண்டையும் ஒட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்து, அதில் உட்கார்ந்து காட்டி, மறுபடியும் ஒன்றை உடைத்துவிட்டுப் போனார்கள். அவர் அந்தக் குளிர்காலத்தில் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரிய ரயில் இருபத்து நாலு பேரையும் ஹார்லோ ஜங்ஷனில் இறக்கிவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெரிய தண்டவாளம் அங்கேயே வளைந்து கடற்கரைப் பக்கம் போய்விடும். விருந்து நடக்கிற டம்லின் ஏரிக்குப் போக வேண்டியவர்கள் பிளாட்பாரத்தின் மறுபக்கம் நிற்கும் சின்ன ரயிலில் மாறிக்கொள்ள வேண்டும். பெரிய தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நாலடி எட்டரை அங்குலம். சின்னதில் இரண்டடி, அதற்கு மேல் ஓர் இழை கிடையாது. பெரிய ரயில் குடைந்துகொண்டு போக வேண்டிய மலைகளை இது சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய ரயிலின் ஒரு பெட்டி மாவை இதில் ஏற்ற மூன்று பெட்டி வேண்டும். அந்த மாற்றும் வேலைக்கென்றே ஜங்ஷனில் ஆறு ஆட்கள் நாள் முழுக்க மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்குத்தான் ஆள் உண்டு. மனிதர்கள் தங்களைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சங்கத் தலைவர் எலிஃபலட் க்ரூக்கர் தீவன வியாபாரி. முந்நூற்றுப் பன்னிரண்டு ராத்தல். மூன்று மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேட்ஜிலேயே பொறித்து வைத்திருந்தார். அவர் சின்ன ரயிலின் பக்கத்தில் போய் நின்றார். எஞ்சினின் புகைபோக்கி அவர் தொப்பியைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"ஏன் கண்டக்டரே, இதுல நாங்க ஏறணுமா, இல்ல கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடக்கணுமா?" என்று கேட்டார்.

கண்டக்டர் ஓரின் டூதேக்கர் குச்சி போல இருப்பார். சட்டையைக் கழற்றினால் எதில் மாட்டியிருந்தது என்று தேட வேண்டும். "மொதல்ல ஏறிப் பாருங்க. வண்டி முடியலேன்னு சொன்னா அப்புறம் இடுக்கிக்கலாம்" என்றார்.

இரண்டடிக் கம்பியில் ஆறடிக்கு மேல் அகலமான பெட்டி எப்படி ஐயா நிற்கும் என்று தலைவர் விடவில்லை. இதை ஓரின் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நீங்க நிக்கறீங்களே. உங்க ரெண்டு பூட்ஸுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு? முக்கா அடி இருக்குமா? மேல எவ்வளவு அகலம்னு நான் சொல்ல மாட்டேன், மரியாதையில்ல. விழவா செய்றீங்க? இடுப்ப ஒரு பக்கமா ஒடிக்காத வரைக்கும் யாரும் விழ மாட்டாங்க."

எல்லோரும் தலைவரின் பூட்ஸைப் பார்த்தார்கள். தலைவரும் பார்க்க முயன்றார். நடுவில் தொப்பை இருந்ததால் பிறர் சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. பயணிகள் விரும்பிய இடத்தில் உட்காரக் கூடாது, கண்டக்டர் காட்டிய இடத்தில்தான். பெரிய ரயிலில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்வார்கள். ஒரு பக்கம் யானை ஏறினாலும் அது கண்டுகொள்ளாது. சின்ன ரயிலில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு பக்கத்தில் ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கூடை உருளைக்கிழங்கை ஓரின் தேடிக் கொண்டுவருவார். யாரையும் எடை கேட்க மாட்டார். ஆளைப் பூட்ஸிலிருந்து கழுத்து வரை ஒரு பார்வை, பிளாட்பாரப் பலகை அவர் காலடியில் எவ்வளவு அமுங்குகிறது என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். டிக்கெட் துளைக்கும் குறடால் வலது தோளையோ இடது தோளையோ தொடுவார். இதுவரை மூன்று ராத்தலுக்கு மேல் தப்பியதில்லை என்று பெயர்.

பூதாகரமானவர்கள் பதினொரு பேரை வலது பக்கம் அனுப்பினார். இருநூறை ஒட்டி இருந்த பதின்மூன்று பேரை இடது பக்கம் அனுப்பினார். அவர் கணக்கில் கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமம். ஹோசியாவின் முறை வந்தபோது ஓரினின் கண் ஒரு நொடி தயங்கியது. ஆள் நூற்று எண்பத்தைந்துகூட இல்லை. பலகையோ இருநூறுக்கு அமுங்கியது. ஓரின் ஹோசியாவின் முகத்தைப் பார்த்தார், துக்கத்துக்காகக் கையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார், இடது தோளைத் தொட்டார்.

இருபத்து நாலு பேரும் ஏறி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. எல்லோரும் உட்கார்ந்தபோது நடைபாதை என்று ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை. இரண்டு பக்கத்துத் தொடைகளும் நடுவில் வந்து கைகுலுக்கிக்கொண்டன. ஓரின் உள்ளே வர வழியில்லாமல் வாசலிலேயே நின்றார். டிக்கெட்டுகள் கைமாறிக் கைமாறி வந்து, துளை போட்டுக் கைமாறித் திரும்பிப் போயின. வண்டி ஒரு தரம் தும்மிவிட்டுப் புறப்பட்டது. சக்கரம் சுழன்றது, சுழன்றது, அப்புறம்தான் நகர்ந்தது. இருபத்து நாலு பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பெட்டி குலுங்கியதைப் பார்த்த ஓரின், இனிமேல் பாராட்டுகளை வாயால் தெரிவித்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

ஆறாவது மைலில் மலையை அணைத்துக்கொண்டு போகும் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். இடது பக்கம் ஒரு சரிவான மேடு, அது முழுக்க ப்ளூபெர்ரிப் புதர். பெட்டி கம்பிகளைத் தாண்டி இரண்டு பக்கமும் அவ்வளவு பிதுங்கிக்கொண்டு போவதால் புதர்கள் ஜன்னலை உரசும். ஆகஸ்டில் பயணிகள் கையை நீட்டிப் பழம் பறித்துத் தின்றுகொண்டே போவார்கள். ஆளுக்கு ஒரு பிடி, அதற்குள் வளைவு முடிந்துவிடும். ஓரினும் அதைத் தடுப்பதில்லை.

ஆனால் அன்றைக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் தராசுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொரு பழமும் ஒரு கணக்கு. பைரம் டக் என்ற பாதிரியார்தான் முதலில் தோள் வரை வெளியே போனார். அவருக்குப் பின்னால் பதினொரு பேர். ஒரு கையால் பறித்ததை மறு கையால் வாயில் போட்டுக்கொண்டு, இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கினார்கள். வலது பக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்கும் ஒரு பிடி கொடுங்கள் என்று கையை நீட்டி இடது பக்கம் சாய்ந்தார்கள். ஹோசியா மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு கொத்து தானாகவே ஜன்னல் வழியாக வந்து அவர் மூக்கில் இடித்தது. அவரும் எட்டினார்.

முந்தின நாள் மழை பெய்து மண் இளகியிருந்தது. இடது கம்பி ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. பெட்டி, கிழட்டுப் பசு படுக்கிற நிதானத்தில், மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்து மேட்டில் தோளை வைத்துக்கொண்டு நின்றது. இடது சக்கரங்கள் மண்ணில், வலது சக்கரங்கள் காற்றில். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இடது பக்கத்துப் பதின்மூன்று தலைகளும் புதருக்குள் இருந்தன. பிறகு மெல்லுகிற சத்தம் கேட்டது. பாதிரியார் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஹோசியாவுக்கு வேறொரு சத்தம் கேட்டது. அவர் தையல் கைவிட்டுவிட்டது. ஆறு ராத்தல் உருளை ஒன்று கோட்டிலிருந்து நழுவி, சாய்ந்த தரையில் கடகடவென்று ஓடி, ஒவ்வோர் இருக்கைக் காலிலும் மணியடித்துவிட்டுப் போய், வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓரினின் பூட்ஸில் முட்டி நின்றது. ஓரின் அதை எடுத்துப் பார்த்தார். வீடு வைத்திருக்கிற யாருக்கும் அது என்னவென்று தெரியும். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோரும் வலது பக்கமாக இறங்குங்கள், ஒருத்தராக, அவசரப்படாமல், என்றார்.

இறங்கினார்கள். வலது பக்கம் இறங்குவது இப்போது ஒரு கூரையிலிருந்து இறங்குவது போல இருந்தது. தலைவரை நாலு பேர் கீழே நின்று வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் கீழே வந்ததும் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது எல்லோரையும் தொற்றி, மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து போகிற அளவுக்கு ஆயிற்று. டிரைவரும் தீ போடுகிறவரும் இரும்புச் சாமான்களையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தலைவர், இனி ராத்திரி இங்கேதானா, விருந்து என்ன ஆவது என்று கேட்டார்.

"பெரிய லைனா இருந்தா நாளைக்குத்தான் கிரேன் வரும். நாளன்னிக்கு உங்க சாப்பாடு" என்றார் ஓரின். "இது நம்ம லைன். கவுந்தா நாமளே தூக்கி வெச்சுக்கலாம். இருபத்து நாலு பேர் இருக்கீங்க, கையில நாலு மரத்தடி இருக்கு. கோட்டக் கழட்டுங்க."

ஒருவரும் கழற்றவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்கள். பாதிரியார் தனக்குக் கொஞ்சம் குளிர்கிறது என்றார். இன்னொருவர், தன் சட்டையில் பின்பக்கம் கிழிசல், பார்க்க நன்றாக இராது என்றார். ஹோசியா தன் நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு உருளைகளையும் பிள்ளைகளைப் போல அணைத்துக்கொண்டு நின்றார்.

ஓரின் பையிலிருந்து உருளையை எடுத்துக் காட்டினார். யாருடையது என்று கேட்கவில்லை.

"எனக்கு ஒங்க சங்கமும் தெரியாது, தராசும் தெரியாது. பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் என் வண்டி படுத்துது. நான் ஒங்களப் பாத்து உக்கார வெச்சேன். ஒங்க கோட்டுக்குள்ள இருந்தத யாரு பாத்தா?" அவர் குரல் உயரவில்லை. "இங்க சாய்ஞ்சதுக்கு மேடு இருந்துச்சு, தாங்கிக்கிச்சு. அடுத்த மைல்ல மரப்பாலம். அறுபது அடி உசரம். அங்க சாஞ்சா தாங்கறதுக்கு என்ன இருக்கு? ஒவ்வொருத்தர் நெசமான எடையும் எனக்குத் தெரியணும். தெரியாம நான் யாரையும் அந்தப் பாலத்து மேல கூட்டிட்டுப் போக மாட்டேன். பெரிய லைன்ல பொய் சொன்னா வண்டி பொறுத்துக்கும். இதுல அதுக்கு எடமில்ல."

செயலாளர் யார், எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். இருபத்து மூன்று பேரும் ஹோசியாவைப் பார்த்தார்கள்.

சங்கப் புத்தகம் ஹோசியாவின் பயணப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எடுத்தால் இரண்டாவதாகவே தன் பெயர் வரும், அகர வரிசை அல்ல, பதவி வரிசை. தலைவர், அடுத்தது செயலாளர். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஹோசியாவுக்குத் தீவனக் கடை மாடி கண்ணில் வந்து போனது. சீட்டு மேஜை, அதில் தன் நாற்காலி, அதில் வேறு யாரோ. அதற்கப்புறம் மரப்பாலமும் வந்து போனது. அவர் கோட்டைக் கழற்றித் தண்டவாளத்தின் மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனாலும் அது டங்கென்றது.

"நூத்தி எண்பத்தி நாலு" என்றார்.

ஓரின், தனக்கே சொல்வது போல, "நடை கனமா இருக்குன்னு பாத்தேன். பொண்டாட்டி போன மனுஷன், நடை அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

"அதுவும் உண்டு" என்றார் ஹோசியா.

அப்போது பாதிரியார் டக் முன்னால் வந்து, கோட்டின் இரண்டு பையிலிருந்தும் சுவர்க் கடிகாரத்தின் பித்தளைக் குண்டுகளை எடுத்து, காணிக்கை வைக்கிற பணிவோடு தண்டவாளத்தின் மேல் வைத்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று முணுமுணுத்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் லாடங்கள் வைத்தார், ஆறு. இன்னொருவர் துணி தேய்க்கிற இரும்பு. அவர் மனைவி அதைத் தேடிக்கொண்டிருப்பாளாம். ஒருவர் ஏர்க்கொழு. ஒருவர் மீன் தூண்டில் ஈயக் குண்டுகளைக் கயிற்றில் கோத்து இடுப்பில் மாலையாகச் சுற்றியிருந்தார். அதை அவிழ்க்க அவர் நாலு தரம் சுழல வேண்டியிருந்தது. பதின்மூன்று பேரில் ஒன்பது பேர். மிச்சம் நாலு பேர், நாங்கள் யோக்கியர்கள் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். அவர்களை யாரும் மதிக்கவில்லை. குவிந்த இரும்பைப் பார்த்துவிட்டுத் தீ போடுகிறவர், இதை வைத்து இன்னும் அரை மைலுக்குத் தண்டவாளம் போடலாம் என்றார்.

ஹோசியா புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். தலைவர் அவர் தோளைத் தொட்டு ஒரு புதருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஓரினையும் தலையசைத்துக் கூப்பிட்டார்.

"செக்ரட்டரி, என் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கே?"

"முந்நூத்திப் பன்னண்டு, தலைவரே."

தலைவர் இடுப்புக்கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தார். உள்ளே ஒரு பட்டை. அதன் அறைகளில் துப்பாக்கி ரவை நிரப்பித் தைத்திருந்தது. தையல் ஹோசியாவின் தையலைவிட ஒழுங்காக இருந்தது. "எண்பத்தெட்டுன்னு போடு. இருநூத்தி எண்பத்தெட்டு. பக்கத்து மாவட்டத்துல ஒருத்தன் முந்நூறத் தாண்டிட்டான்யா. நான் என்ன பண்றது, மனுஷன் எவ்வளவுதான் திங்க முடியும்?"

ஓரின் அந்தப் பட்டையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். அவர் உதடு முதல் தடவையாக நெளிந்தது. "தலைவரே, நீங்க ஒருத்தர்தான் வலது பக்கம் இரும்பு வெச்சிருந்தீங்க. இது இல்லேன்னா வண்டி சாஞ்சு நின்னிருக்காது, உருண்டிருக்கும்" என்றார்.

தலைவர் இதை யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவர் நிமிர்ந்தார். புதரிலிருந்து வெளியே வந்தபோது அவர் ஒரு ரயிலைக் காப்பாற்றியவருடைய நடையில் வந்தார். ஆனால் ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு தூக்கினார்கள். அதைப் பற்றி அவர்களில் யாரும் சாகிற வரைக்கும் பேசி முடிக்கவில்லை. நாலு மரத்தடிகளைப் பெட்டியின் அடியில் செருகி, கட்டையை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு தடியின் நுனியிலும் ஆறு பேர் தொங்கினார்கள். நுனிகளின் எடையையும் ஓரின்தான் பங்கு போட்டுக் கொடுத்தார், இந்தத் தடவை புத்தகத்தைப் பார்த்து. ஓரின் கையை இறக்கியதும் இருபத்து நாலு பேரும் ஒரே நேரத்தில் கால்களை மடக்கிக்கொண்டார்கள். ஐயாயிரம் ராத்தலும் காற்றில். பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. டிரைவர் சக்கரத்துக்கு அடியில், அதைக் கம்பி மேல் ஏற்றிவிடும் இரும்புச் செருப்பை வைத்தார், எஞ்சின் அரை அடி இழுத்தது, டொக், டொக் என்று சக்கரங்கள் கம்பியில் ஏறி உட்கார்ந்தன. தடியிலிருந்து இறங்க மறந்து இரண்டு பேர் அப்படியே ஊசலாடிக்கொண்டிருந்தார்கள். பெரிய லைனில் இந்தக் காரியத்தைப் பயணிகள் செய்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று தலைவர் காலியாக இருந்த காட்டைப் பார்த்துக் கேட்டார்.

ஓரின் எல்லோரையும் புதிதாக உட்கார வைத்தார். இரும்பையெல்லாம் இரண்டு மூட்டையாகக் கட்டி நடைபாதையின் நடுவில் வைத்தார். மரப்பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது இருபத்து நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மூச்சு ஒரு பக்கமாகப் போய்விடுமோ என்று பயம். கீழே ஆறு நூல் போலத் தெரிந்தது. பெட்டி தண்ணீர் நிரம்பிய கிண்ணம் போல, சிந்தாமல் கடந்தது.

ஏரிக்கரை ஓட்டலின் கூடத்தில் தராசு தயாராக இருந்தது. சமையலறையிலிருந்து பன்றிக்கறி போட்ட பீன்ஸின் மணமும், கோழியின் மணமும், சுடச்சுட ஆப்பிள் பணியாரத்தின் மணமும் வரிசையாக வந்து ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுப் போயின. ஒன்பது பேருக்கும் அந்த மணம் தங்களுக்கில்லை என்று தெரியும். பாதிரியார் ஏற்கனவே தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ஹோசியா பேட்ஜின் ஊசியை அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொண்டு, சின்ன மேஜையில் புத்தகத்தைத் திறந்தார். எழுத வேண்டிய வரியையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டார். அதை வேடிக்கையாக எழுத அவருக்கு வரவில்லை.

ஓட்டல்காரர், ரயிலில் எழுதிய எடைப் பட்டியல் இருப்பதாகக் கேள்விப்பட்டேனே, அப்புறம் எதற்குத் தராசு என்று கேட்டார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு சுற்று இளைத்தார். அது ரயில்காரர்களின் விவகாரம், சங்கத்துக்குத் தெரிந்தது சங்கத்தின் தராசு ஒன்றுதான் என்றார் தலைவர். வழக்கப்படி அவரே தராசின் பக்கத்தில் போய் நின்று, குண்டை இருநூறில் தள்ளி வைத்தார். முதலில் செயலாளர் என்று கூப்பிட்டார்.

ஹோசியா ஏறினார். வெறும் கோட்டு, கிழிந்த உட்பை, பூட்ஸ். தராசின் கோல் அசையவில்லை. அவர் அதைப் பார்க்க விரும்பாமல் தலையைக் குனிந்தார். குனிந்ததால்தான் கண்டார். தலைவரின் இடது பூட்ஸ், தோணி மாதிரி இருக்கும், அது மெல்ல நகர்ந்து வந்து தராசுப் பலகையின் ஓரத்தில் ஏறியது. தலைவர் முகத்தில் ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் கொஞ்சம் அழுத்தியது. கோல் எழுந்தது, ஆடியது, நட்டநடுவில் நின்றது.

"இருநூறு" என்றார் தலைவர். "எழுதிக்கோ."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பூட்ஸைப் பார்த்தார்கள். வாசலில் சாய்ந்து நின்ற ஓரினும் பார்த்தார். ஹோசியா இறங்கி மேஜைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டார். தண்டவாளத்தின் மேல் கோட்டை வைத்து இன்னும் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அவரால் வெறும் இருநூறு என்று எழுத முடியவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் பேனா காற்றில் நின்றது. பிறகு எழுதினார். எழுதியதை உடனே உரக்கப் படிப்பது செயலாளரின் கடமை.

"எச். விங். இருநூறு ராத்தல், தலைவரின் இடது பாதம் உட்பட."

தலைவர் ஏரியிலிருந்து கண்ணை எடுத்து மெதுவாகத் திரும்பினார்.

"சங்கத்துச் சட்டத்துல யாரோட பாதம்னு எங்கயாவது போட்டிருக்கா?"

ஹோசியா புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டி, கவனமாகப் படித்துப் பார்த்தார். இல்லை என்றார்.

"அப்ப அடுத்தது."

பாதிரியார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏர்க்கொழுக்காரர் ஏறினார். தூண்டில்காரர் ஏறினார். ஒவ்வொருவருக்கும் பூட்ஸ் எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தியது. ஒவ்வொரு வரியையும் ஹோசியா எழுதி, உரக்கப் படித்தார். மூன்றாவது வரியில் ஆரம்பித்த சிரிப்பு ஆறாவது வரிக்குள் அடக்க முடியாததாகி, ஒன்பதாவதைப் படிக்கும்போது ஹோசியாவுக்கே எழுத்து தெரியவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். யோக்கியர்கள் நாலு பேரும் தங்களுக்கும் பாதம் வேண்டும் என்று சண்டைக்கு வந்தார்கள். கொடுக்கப்படவில்லை.

கடைசியாகத் தலைவர் ஏறினார். பட்டை இல்லாமல், தன் சொந்த எடையில். ஹோசியா இருநூற்று எண்பத்தெட்டு என்று உரக்கப் படித்தார். மூன்று மாவட்டத்துப் பெருமை போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. "இடது பாதம் உட்பட" என்று பாதிரியார் சொன்னார், கூடம் மறுபடியும் சிரிப்பில் உருண்டது.

ஹோசியா மை காயப் புத்தகத்தை ஊதிவிட்டு, பேட்ஜின் ஊசியைப் பூட்டினார். பிறகு மேஜைக்குப் போய், எல்லோரும் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, பீன்ஸை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றார்.